ஊற்றில் உன் முறை

மகனே,

நீ மதுரையிலிருந்து போட்ட கடிதம் பத்து நாளைக்கு முன்னால் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் திருச்சுழி வந்து சேர்ந்தது. வழியில் பஸ் நின்று, ஆட்கள் இறங்கித் தள்ளி, மத்தியானம் வரவேண்டியது பொழுது சாயத்தான் வந்தது. சபையில் உங்கள் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. நீயும் இந்த ஊர் ஆபீசுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வருகிறாய். இதற்குமேல் டீச்சரம்மாவுக்கு என்ன குறை என்று தெருவில் கேட்கிறார்கள். அவர்களிடம் சிரித்து வைக்கிறேன். உன்னிடம் அப்படிச் சிரித்து மழுப்ப முடியவில்லை. அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன். உலகச் சண்டை முடிந்தும் மண்ணெண்ணெய்ப் பாடு முடிந்தபாடில்லை. இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன் அறையில் இருக்கும் கூட்டாளிகளுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் கல்யாண வயசுதானே.

ஜெபமணியின் வேலையைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்து வேலையில் இருப்பதும் விடுவதும் அவள் இஷ்டம், நான் குறுக்கே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஆணும் பெண்ணும் சமம் என்றால் அவரவர் வாழ்க்கைக்கு அவரவரே பொறுப்பு என்கிறாய். கடைசியில் என்னையே சாட்சிக்கு இழுத்திருக்கிறாய்: நீங்கள் வீட்டையும் பார்த்துப் பள்ளிக்கூடத்தையும் பார்க்கவில்லையா, மனசிருந்தால் எந்தப் பெண்ணாலும் முடியும் என்று. மதுரையில் பெண் விடுதலைக் கூட்டங்களுக்குப் போய்வருகிறாய் என்று தெரிகிறது. சந்தோஷம். உன் வயசில் உன் அப்பா இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் நான் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன். ஆனாலும் படித்து முடித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நீ தப்பாக ஒன்றும் எழுதவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். போன வாரம் ஜெபமணி என்னைப் பார்க்க வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்று பாலவனத்தத்தில் இருக்கும் அவள் வீட்டு ஆட்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் இங்கே பள்ளிக்கூடத்திலேயே தங்கியிருக்கிறவள் விடிந்தும் விடியாமலும் ஆற்றுக்கு வந்துவிட்டாள். நான் ஊற்றில் முறைக்கு நின்றிருந்தேன். உனக்கு மதுரைக் குழாய்த் தண்ணீர் பழகிவிட்டது. குண்டாறு எப்படி இருக்கிறது என்று நினைவிருக்குமோ என்னவோ. மழை இல்லை. கரை முதல் கரை வரை மணல்தான். ஆள் இறங்கும் ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறோம். தண்ணீர் சுரந்து வரும்வரை காத்திருந்து, ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிரட்டையால் கலங்காமல் அள்ளி, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைந்த பிறகு அடுத்தவள் சுரப்புக்குக் காத்திருக்க வேண்டும். குடங்களை வரிசையாக வைத்து முறை பிடிப்போம். இப்போதெல்லாம் எனக்கு முழங்கால் மடங்க மறுக்கிறது. வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால் ஒரு குடத்தோடு ஒப்பேற்றிக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளை வரிசையில் இருந்த குடங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

"அத்தை, எந்நேரத்துக்கு வந்தா மொத ஆளா எடம் பிடிக்கலாம்?"

"நீ எதுக்கு இப்பவே அதக் கேக்குறே தாயீ?"

"கல்யாணத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழமைக்குள்ள பள்ளிக்கூடத்து மேனேஜரு அய்யாவுக்குப் பதில் சொல்லணும். இருக்கிறதா இருந்தா, மொத மணிக்கு வகுப்புல நிக்கணுமாம். சாக்குப்போக்கு சொல்லக் கூடாதாம். இல்லைன்னா இப்பவே எழுதிக் குடுத்துறச் சொல்றாக."

"அவன்தான் ஒன் இஷ்டம்னு எழுதியிருக்கானே."

"அவுக நல்லவுக அத்தை. அதான் பயமா இருக்கு." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "போகாதேன்னு சொன்னா சண்டை போடலாம், அழுதுட்டு இருந்துறலாம். ஒன் இஷ்டம்னுட்டாக. நாளைக்குத் தண்ணி எடுத்து, சோறாக்கி, மணிக்குப் போக முடியாம வேலைய விட்டேன்னு வச்சுக்கோங்க. அப்ப அதுவும் நாந்தானே விட்டேன்? யார் மேல குத்தம் சொல்ல?"

அதற்குள் என் முறை வந்தது. குனிந்து அள்ள ஆரம்பித்தேன். அவள் என் கையிலிருந்து சிரட்டையை வாங்கிக்கொண்டு தானே நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் நடத்துவது நான் நடத்திய அதே பெண் பிள்ளைகளின் வகுப்பு. அவள் விட்டால் அந்த இடத்துக்கு ஓர் ஆண் வாத்தியார் வருவார். வயசுக்கு வரப்போகிற பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இதை நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்.

நீ என்னைச் சாட்சிக்கு இழுத்தாயல்லவா, சாட்சி சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். இரண்டு பேருக்கும் மணி ஒன்றுதான். அவர் வெயில் முகத்தில் அடிக்கும்போது எழுந்து, சவரம் செய்து, சட்டையை நீவி விட்டுக்கொண்டு முதல் மணிக்கு முன்னால் போய் நிற்பார். நான் சேலை நுனி ஈரம் காயாமல் ஓடுவேன். பல நாள் பிந்திப் போயிருக்கிறேன். வேறொரு வாத்தியார் பிந்தினால், "உடம்புக்கு என்ன சார்?" என்று மேனேஜர் விசாரிப்பார். நான் பிந்தினால் என்னிடம் பேசவே மாட்டார். பக்கத்தில் நிற்பவரிடம், "பொம்பளைகள வேலைக்கு வச்சா இப்படித்தான்" என்பார். பிந்தினது நான் ஒருத்தி. திட்டு வாங்கினது இன்னும் வேலைக்கே வராத பெண்களும் சேர்ந்து.

ஒரு கோடையில் எனக்கு விஷக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். நீ சின்னப் பிள்ளை. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உன் அப்பா நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. குடத்தைத் துண்டால் மூடி, யார் கண்ணிலும் படாமல் உச்சி வெயிலில் ஆற்றுக்குப் போனார். ஊற்று பெண்கள் புழங்கும் இடம். ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தது கிடையாது. அதனால் அங்கே எப்படி அள்ள வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குச் சுரக்கட்டும் என்று பெண்கள் ஒதுக்கி விட்டிருந்த குழிக்குள் காலை வைத்து இறங்கி, குடத்தை அப்படியே அமுக்கியிருக்கிறார். ஒரு பக்கத்து மணல் சரிந்து விழுந்துவிட்டது. கலங்கின தண்ணீர் அரைக்குடத்தோடு, முழங்கால் வரை சேறாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

சாயங்காலம் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். எல்லாரும் மறுபடி தோண்ட வேண்டியிருந்ததே, கோபம் வராதா? "ஆம்பளைய அனுப்பிட்டு நீ நல்லாப் படுத்துக்கிட்டியா டீச்சரம்மா?" என்று என் கட்டிலைப் பார்த்துத்தான் கத்தினார்கள். அப்பா உள்ளே இருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆம்பளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். நானும் போர்வைக்குள் இருந்துகொண்டு, "தப்புத்தான் அக்கா, மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் செய்த தப்புக்கு நான் பொறுப்பு, பார்த்துக்கொள். மறுநாள் அவர், "எனக்கு அது வராது" என்று சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வீட்டில் எல்லாரும் அதை ஒப்புக்கொண்டோம். அவருக்கு அது வராது.

வந்தது யாருக்கு? உன் அக்கா பாக்கியத்துக்கு. அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. நான் எழுந்து நடமாடும்வரை என்றுதான் போகத் தொடங்கினாள். நான் எழுந்த பிறகும் போனாள். நான் அதற்குப் பிறகு ஒரு நாளும் பிந்தவில்லை. மேனேஜர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, பொறுப்பு என்றால் இந்த அம்மாவைப் பாருங்கள் என்றார். நான் அங்கே கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பாக்கியம் வீட்டில் உனக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்திருப்பாள். அந்த வருஷத்தோடு அவள் படிப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை. முதலில் காலையில் பிந்தினாள், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாள், பிறகு போகவில்லை. நீயும் அவளோடு ஆற்றுக்குப் போவாய். அவள் அள்ளுவாள், நீ மணலில் கோயில் கட்டி விளையாடுவாய். ஆகவே மகனே, மனசிருந்தால் முடியும் என்று என்னைக் காட்டி ஜெபமணியிடம் பேசாதே. என் மனசு இருந்தது உண்மை. தண்ணீர் சுமந்தது பாக்கியத்தின் இடுப்பு.

அவள் இப்போது அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாண வேலைக்கு வந்திருக்கிறாள். நேற்று உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. உன் படிப்பைக் கெடுத்துவிட்டோமே பாக்கியம் என்று ஆரம்பித்தேன். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்னயப் பாவப்பட்டவளாக்காதீக அம்மா. யாரும் என்னய அடிச்சு அனுப்பல. நீங்க ஓடுறதப் பாக்க முடியாம நானாத்தான் கொடத்தத் தூக்குனேன். அது நான் பண்ணுன காரியம். அதையும் ஒங்க கணக்குல எழுதிக்கிட்டா எனக்குன்னு என்ன இருக்கு?"

அவள் சொன்னது நியாயம். அடுத்த மிளகாயை எடுத்துக்கொண்டு, தலை நிமிராமலே சொன்னாள்:

"ஆனா ஒண்ணு. தம்பியும் நல்லா வளந்த பெறகு, எனக்குப் பதிலா அவனப் போகச் சொல்லலாம்னு இந்த வீட்ல ஒருத்தருக்காவது தோணுச்சா? ஒங்களுக்குத் தோணல, அப்பாவுக்குத் தோணல. அத விடுங்க. எனக்கே தோணலையேம்மா."

மிளகாய் நெடியில் எங்கள் இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. மிளகாயால்தான் என்று அவள் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

பொறுப்பு வேண்டாம் என்று உன் தாய் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. அந்த வார்த்தையைக் கரும்பலகையில் எழுதி எழுதியே என் விரல் தேய்ந்தது. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து ஆயிரம் காரணம் சொன்ன பிள்ளைகளை நான் சும்மா விட்டதில்லை. ஜெபமணி சோம்பல்பட்டு வகுப்புக்குப் போகாமல் இருந்தால் முதலில் திட்டப்போவதும் நான்தான். ஒருத்தி தவறினால் அவளைக் கேட்கலாம். ஆனால் இந்த ஊரில் ஊற்றில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் பெண்களாக இருப்பதற்கு எந்த ஒருத்தியைக் கேட்பாய்? பாக்கியமும் நானும் ஜெபமணியும் தனித்தனியாக முடிவெடுத்தோம் என்கிறாய். சரி, தனித்தனியாகத்தான் எடுத்தோம். எல்லாரும் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட இடம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது? உன் கூட்டத்தில் பேசுகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். அவர்களிடம் கேட்டு எனக்கு எழுது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பக்கம் குடமும் அடுப்பும் மாமியாரும் இருக்க, மறுபக்கம் ஒரு மணிச் சத்தம் மட்டும் இருக்க, நடுவில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து உன் இஷ்டம் என்றால் அவளுக்கு அழுகைதான் வரும்.

கூலிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நீ இப்போதே யோசிப்பாய். உன்னை எனக்குத் தெரியும். இந்தத் தெருவில் கூலிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவள் விடிகாலையில் தன் மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் வருகிறாள். அந்தப் பிள்ளையின் பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, பிள்ளை இல்லை. ஜெபமணி வகுப்புக்குப் போக வேண்டும் என்பதற்காக அவள் வகுப்பில் உட்கார வேண்டிய பிள்ளையை ஆற்றில் நிறுத்தவா?

மாமியார் என்றேனே, அதையும் ஒளிவு மறைவில்லாமல் பேசிவிடுவோம். நான் தங்கமான மாமியாராக இருப்பேன் என்று நீ நம்புகிறாய். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. என் முழங்கால் வலிக்கிற ஒரு காலையில், அவள் ஈரத் தலையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடும்போது, "நாங்களெல்லாம் பாக்கலையா?" என்று என் வாயிலிருந்து வந்துவிடும். வராமல் இருக்கக் கர்த்தரிடம் கேட்கிறேன். ஆனால் என் வாயை நான் அறிவேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் வேலையை விட்டுவிடுவாள். விட்டுவிட்டு, நானாகத்தான் விட்டேன் என்று சிரித்தபடி எல்லாரிடமும் சொல்வாள். இந்த நினைப்புத்தான் என்னைப் படுத்துகிறது. அவளை நான் ஒருத்தி காப்பாற்ற முடியாது, மகனே. என்னிடமிருந்தும் சேர்த்து அவளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கோபப்படுவதானால் கல்யாணத்துக்குப் பிறகு கோபப்படு. ஆசாரியிடம் சொல்லி உன் தோள் உயரத்துக்கு ஏற்ற ஒரு தண்ணீர்க் காவடி செய்யச் சொன்னேன். வளைந்து கொடுக்கிற நல்ல மூங்கில், இரண்டு முனையிலும் தொங்கவிட வாய் வெட்டிய இரண்டு டின். கல்யாண வீடுகளுக்குக் கூலிக்குத் தண்ணீர் சுமக்கிற ஆண்கள் வைத்திருப்பார்களே, அதுதான். கூலிக்கு என்றால் ஆண் தண்ணீர் சுமக்கலாம், தன் வீட்டுக்கு என்றால் கேவலம் என்பது இந்த ஊர் வழக்கம். ஆசாரி, "கல்யாணத் தண்ணிக்கு ஆளு பேசியாச்சா?" என்றார். "ஆமா, எம் மகந்தான்" என்றேன். அவர் இழைப்புளியை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காவடி இப்போது முன்வாசலில் சாத்தி நிற்கிறது. கொல்லைப்புறம் கொண்டுபோய் வைக்கலாமா என்று பாக்கியம் கேட்டாள். வேண்டாம் என்றேன். துண்டால் மூடிக்கொண்டு போகிற பழக்கம் உன் அப்பாவோடு போகட்டும்.

இன்று காலை ஊற்றில் போய் உனக்கு முறை கேட்டேன். நான் செய்ததிலேயே எனக்குக் கஷ்டமான காரியம் அதுதான். கல்யாணத்துக்கு மறுநாள் முதல் எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு என் மகன் வருவான், என் குடம் இருக்கும் இடத்தில் அவன் டின் இருக்கும் என்றேன். பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆபீசரு சட்டையோட வருவாரா, கழட்டிட்டு வருவாரா?"

"ஏத்தா, ஆம்பளை வந்து நின்னா நாங்க சேலையத் தூக்கிச் சொருகிட்டு எப்படிக் குனியிறது?" என்று செல்லத்தாயி கேட்டாள். அன்றைக்கு நம் வாசலில் முதல் ஆளாகக் கத்தினவள் அவள்தான். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்கு அது தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டேன். கடைசியில் அவளே வழி சொன்னாள். மேற்கே கரைப்பக்கம் ஆண்களுக்கென்று தனிக் குழி தோண்ட வேண்டும். அதை நீயே தோண்ட வேண்டும். "மணல எப்படிச் சரியாம நிறுத்துறதுன்னு நான் மேல நின்னு சொல்லித்தாரேன். ஒன் வீட்டுக்காரரு மாதிரி ஒம் மகனும் காலக் கீல வச்சாருன்னா, இந்தத் தடவ ஒன்னயத் திட்ட மாட்டோம், அவரத்தான் திட்டுவோம்" என்றாள். மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில், தங்கள் வீட்டிலும் இப்படி நடக்காதா என்ற ஆசையும் கொஞ்சம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. தப்பாகவும் இருக்கலாம்.

ஜெபமணிக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. உன்னிடமிருந்து பதில் வரட்டும் என்று இருக்கிறேன். சும்மா ஆறுதலுக்குச் சரி என்று எழுதிவிடாதே. அந்தச் சரியை நம்பி அவள் மேனேஜரிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். நீ சில நாள் போய்விட்டு, ஆபீசில் யாராவது கேலி செய்தார்கள் என்று நிறுத்திவிட்டால் அவள் நிலைமை இப்போதைவிட மோசம். முடியாது என்றால் முடியாது என்று எழுது. அதைத் தாங்கிக்கொள்வேன். வருவதாக இருந்தால் மட்டும் வருகிறேன் என்று எழுது. இரண்டில் எது வரப்போகிறதோ என்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தெருமுனைக்குப் போய் நிற்பேன்.

சிரிப்பார்கள், மகனே. முதல் நாள் ஊரே கரையில் வந்து நின்று சிரிக்கும். அந்தச் சிரிப்பில் நீ கூசி, காவடியைச் சாத்திவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டால், ஒருவரும் உன்னை ஏன் என்று கேட்க மாட்டோம். உனக்கு அது வராது என்று சொல்லிவிடுவோம். மறுநாள் விடியுமுன்னே ஜெபமணி சத்தம் போடாமல் எழுந்து, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்கு நடப்பாள். யாரும் அவளைப் போகச் சொல்லியிருக்க மாட்டோம். அவள் இஷ்டம் என்று நீ மறுபடியும் எழுதலாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா